கவர்னரம்மா விழுங்கிய கடைவாய்ப் பல்

வேவா சித்தி சமைத்த சோற்றில் யாருக்கும் கல் கடிபட்டதில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் அவள் நின்ற அத்தனை வருஷத்திலும் ஒரு பிள்ளைகூடக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்ததில்லை. நான் ஒரு தடவை என் தட்டில் நானே ஒரு கூழாங்கல்லைப் போட்டுவிட்டு, "ஐயோ, என் பல்லு!" என்று அலறிப் பார்த்தேன். கரண்டியை வைத்துவிட்டு வந்தாள். கல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"இது ஆத்துக் கல்லு. என் அரிசி கடையிலேருந்து வருது. போய்த் தட்டைக் கழுவுடி யாரி."

முழுப்பெயர் ஜெனோவேவா அரோச்சோ. என் அம்மாவின் தங்கை. குட்டை உருவம், ரொட்டி மாவு பிசைகிறவன் மாதிரி முன்கை, கோயில் மணி மாதிரி குரல். பெண் கேட்டு வந்த இரண்டு பேரையும் "அடுப்பிலே பால் இருக்கு" என்று வாசலோடு அனுப்பியவள். கல் பொறுக்குவதில் அவளுக்கு ஒரு முறை உண்டு. அரிசியோ பீன்ஸோ, சமையலறை ஜன்னலோரம் அலுமினியத் தட்டில் பரப்புவாள். கண் வேறெங்கோ இருக்கும், வாய் யாரையோ திட்டிக்கொண்டிருக்கும், விரல் மட்டும் ஓடும். கறுப்பாக, வழவழப்பாக, கெட்டியாக ஏதாவது பட்டால் ஒரே சுண்டு, ஜன்னலுக்கு வெளியே. கீழே பக்கத்து வீட்டு மீரோ மாமாவின் கோழிகள் அண்ணாந்து காத்திருக்கும். கோழிக்குத்தான் பல் கிடையாதே, கல்லை விழுங்கி இரைப்பையில் வைத்துத்தான் இரையை அரைக்கும். எங்கள் பகுதிக் கோழிகள் வளர்ந்ததே பள்ளிக்கூடக் கல்லில்தான்.

பிறகு பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். பெரும் புயலுக்குப் பின் எங்கள் தீவில், பாதி சான் செபாஸ்டியன் ஊரே பெட்டியைக் கட்டிக்கொண்டு புளோரிடாவுக்குப் போய்விட்டது, பிள்ளைகள் போதவில்லை. மூடிய அன்று அழாதவர்கள் இரண்டு பேர், நானும் கணக்கு வாத்தியாரும். இனி ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டாமே. சித்தி சமையலறைச் சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை. அவ்வப்போது போய் எரியாத அடுப்பைத் துடைத்துவிட்டு வருவாள். அவளிடம் நான் கிண்டல் செய்யாமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

அந்தச் சாவியைத் தேடித்தான் டாக்டர் ஐரிஸ் பெலாவல் வந்தார். வைத்தியர் இல்லை, மண்ணில் புதைந்த பழங்கால மிருக எலும்பைத் தேடும் ஆராய்ச்சிக்கார அம்மாள். தெற்குக் கரைக்காரர், ஒல்லி, தொப்பி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. இரண்டு மாணவர்களுடன் எங்கள் ஊர்க் குவாத்தமாலா ஆற்றங்கரையில் நீலம் கலந்த களிமண்ணை மூட்டை மூட்டையாகத் தோண்டி வைத்திருந்தார். அதைக் கழுவப் பெரிய தொட்டி வேண்டும், நீளமான மேடை வேண்டும், தட்டுகள் வேண்டும்.

"என் அடுப்படியிலே சேத்தைக் கழுவப் போறீங்களா?" என்றாள் சித்தி.

"ஆமாம்மா. சுத்தமாத் திருப்பித் தந்துடுவோம்."

"சுத்தம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது. நான் கூடவே நிக்கணும்."

இப்படித்தான் அவளுக்கு மறுபடி வேலை கிடைத்தது. களிமண்ணை வெயிலில் காயவைப்பது, தண்ணீரில் ஊறவைத்துக் கரைப்பது, சல்லடையில் அலசுவது. கடைசியில் ரவை மாதிரி கொஞ்சம் மிஞ்சும். அதைத் தட்டில் பரப்பி, வேண்டியதைப் பொறுக்க வேண்டும். மீன் பல், ஆமை ஓட்டுத் துண்டு, முதலை எலும்பு எல்லாம் வந்தன. டாக்டருக்கு அதெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் அவர் தேடி வந்தது எலி.

"எலியா?" என்று மீரோ மாமா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். "என் வீட்டுக் கூரையிலே ஒரு கல்யாணக் கூட்டமே இருக்கு. இலவசமா எடுத்துக்கோங்க."

"அதுங்க கப்பல்ல வந்ததுங்க மாமா, நேத்து வந்த மாதிரி. நான் தேடுறது மூணு கோடி வருஷத்துக்கு முந்தி வந்தது. கினிப் பன்றி, சிஞ்சில்லான்னு கொறிக்கிற பிராணிங்க இருக்கே, அந்த ஜாதி எலி. தெற்கே பெரிய கண்டத்திலேருந்து நம்ம தீவுங்களுக்கு முதல்ல வந்த மிருகங்கள்ல ஒண்ணு."

"கடலைத் தாண்டியா? எப்படி?"

அங்கேதான் சண்டை. கடல் நடுவே ஒரு காலத்தில் நீளமாக ஒரு நிலத்துண்டு நிமிர்ந்திருந்தது, அதில் நடந்து வந்தன என்று சிலர் சொல்கிறார்களாம். வெள்ளத்தில் வேரோடு சாய்ந்த மரங்கள் பின்னிக்கொண்டு கடலுக்குப் போகும், அதில் தொற்றிக்கொண்டு மிதந்து வந்தன என்று மற்றவர்கள். டாக்டர் இதைச் சொல்லியிருக்கவே கூடாது. எங்கள் தீவில் எதைச் சொன்னாலும் மறுநாள் கட்சியாகிவிடும். மாலைக்குள், மீரோ மாமா தோழர்களோடு தினமும் டோமினோ காய் ஆடும் மேஜை நடந்த கட்சி, மிதந்த கட்சி என்று இரண்டாகப் பிளந்தது. மீரோ மாமா நடந்த கட்சித் தலைவர். "எலி என்ன மாலுமியா?" என்பது அவர் முழக்கம். மிதந்த கட்சிக்காரர்கள், புயல் வெள்ளத்தில் ஒரு முழு மாமரம் ஆற்றோடு போனதையும் அதன் உச்சியில் ஓர் இகுவானா, அந்தப் பெரிய ஓணான், மேயர் மாதிரி உட்கார்ந்து போனதையும் சாட்சி சொன்னார்கள். நான் இரண்டு கட்சிக்கும் சுவரில் போஸ்டர் எழுதிக் கொடுத்தேன். இரண்டிலும் ஒரே எலிப் படம்தான்.

ஆனால் எலி வரவில்லை. மூட்டைகள் குறைந்துகொண்டே வந்தன. ஒரே ஒரு பல் கிடைத்தால் போதும், அடுத்த வருஷமும் தோண்ட அனுமதியும் செலவுக்குப் பணமும் வரும், சமையலறையும் திறந்திருக்கும் என்றார் டாக்டர். கிடைக்காவிட்டால் அவர் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

சித்தியும் கட்ட வேண்டியதுதான். அவள் தம்பி நந்தோ மாமா புளோரிடாவின் ஓர்லாண்டோவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் அவளுக்கு இடம் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை விமானத்துக்கு டிக்கெட்டும் எடுத்து அனுப்பிவிட்டார். அவள் போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "மூட்டை முடியட்டும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை, கடைசித் தட்டு.

வழக்கம்போல் கரண்ட் போயிருந்தது. தட்டை ஜன்னலோரம் இழுத்து வைத்தார்கள். டாக்டர் போனில் அதைப் படம் பிடித்து லிமாவில் இருக்கும் தோழிக்கு அனுப்பினார். அந்த அம்மாள் எலிப் பற்களிலேயே தலை நரைத்தவராம். "கடைசித் தட்டு, எனக்காக வேண்டிக்கோ" என்று எழுதிவிட்டு, குழிகளை மூட மாணவர்களோடு ஆற்றுக்குப் போனார். சித்தி பொறுக்கத் தொடங்கினாள். நான் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து மாம்பழம் தின்றுகொண்டிருந்தேன்.

அப்போது நந்தோ மாமா போன் செய்தார். சித்தி போனை மேடையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, பெட்டி கட்டிட்டியா?"

"கட்டுவேன்."

"சட்டி பானை எதுவும் எடுத்துட்டு வராதே. இங்கே எல்லாம் மிஷினு. அரிசியே கல் இல்லாம பாக்கெட்ல வருது."

"கல் இல்லாமயா?"

"ஒண்ணுகூட இருக்காது. நீ பட்டன் அமுக்கினா போதும்."

"அப்புறம் நான் எதுக்குடா?"

"ஐயோ, உடனே ஆரம்பிச்சிட்டியா? உடம்புக்கு ஓய்வுதானேன்னு சொன்னேன். அக்கா, நீ அங்கே தனியா இருந்துக்கிட்டு என்னத்தைக் காவல் காக்கறே? பூட்டின பள்ளிக்கூடத்தையா?"

சித்தியின் விரல் தட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே துவரஞ் செடிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நந்தோ பேசிக்கொண்டே போனார். ஹோட்டல் சீருடை என்ன நிறம், பஸ் எங்கே நிற்கும், எந்தக் கடையில் நம்ம ஊர் வாழைக்காய் கிடைக்கும். அவர் வைத்த பிறகும் அவள் அப்படியே நின்றாள். நான் தட்டை எட்டிப் பார்த்தேன்.

"சித்தி, அரிசி ரெடி போலிருக்கே. உலை வைக்கட்டுமா?"

வேடிக்கைக்குத்தான் சொன்னேன். அவள் குனிந்து பார்த்தாள். தட்டில் வெளுத்த மணல், ஒரே சீராக, ஒரே நிறமாக. ஒரு கறுப்புப் புள்ளி இல்லை. பொறுக்கியதைப் போடும் கிண்ணம் காலியாக இருந்தது.

எங்கள் தீவிலேயே சுத்தமான தட்டைப் பார்த்து அலறிய முதல் சமையல்காரி அவளாகத்தான் இருப்பாள்.

"நான் எங்கே போட்டேன்? யாரி, நான் எங்கடி போட்டேன்?"

எங்கே போட்டாள் என்று இருவருக்கும் தெரியும். ஜன்னலுக்குக் கீழே கோழிகள் கொத்திக்கொண்டிருந்தன.

"போனா போகட்டும் சித்தி. எல்லாம் மீன் பல்லாத்தான் இருக்கும்" என்று நான் சொல்லி முடிக்கவில்லை, வாசலில் ஜீப் கிறீச்சிட்டது. டாக்டர் தொப்பியைத் தலையோடு பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். போனை நீட்டினார். காலையில் எடுத்த படம். லிமாக்காரி அதன் மூலையில் சிவப்பு வட்டம் போட்டிருந்தாள். வட்டத்துக்குள் ஓர் அரிசி நுனியளவு கறுப்புத் துண்டு, மேலே சீப்பு மாதிரி வரிவரியாக. கீழே எழுதியிருந்தாள்: "இதைப் பத்திரமாக வை. இது எலி."

சித்தி படத்தைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். பொய் சொல்ல நான் மூன்று யோசனை வைத்திருந்தேன், அத்தனையும் தரமானவை. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"டாக்டரம்மா, நான் அதைக் கல்லுன்னு வெளியே சுண்டிட்டேன். வேணும்னு இல்லை. கை பழகினபடி போயிடுச்சு."

 டாக்டர் வெளியே போய் ஜன்னலுக்குக் கீழே மண்டியிட்டார். நாங்களும் மண்டியிட்டோம். மாணவர்கள் சல்லடையோடு வந்தார்கள். மண்ணை அடுக்கடுக்காகச் சுரண்டிச் சலித்தோம். மீன் பல் கிடைத்தது, ஆமை ஓடு கிடைத்தது, நான் சின்ன வகுப்பில் தொலைத்த அழிக்கும் ரப்பர்கூடக் கிடைத்தது. எலி இல்லை. தெருவே வேலியில் சாய்ந்து நின்று யோசனை சொன்னது.

"கோழி தின்னிருக்கும்" என்றார் தபால்காரர்.

"எந்தக் கோழி?"

அதற்கு ஒரு சோதனை வைத்தோம். ஜன்னலிலிருந்து ஒரு பிடி கறுப்புப் பொடிக்கல்லைத் தூவினேன். கவர்னரம்மா வந்தாள். மீரோ மாமாவின் செவலைக் கோழி, குண்டு, இரண்டு பக்கமும் சிறகைப் பரப்பி மற்ற கோழிகளைத் தள்ளிவிட்டு ஒரு கல் விடாமல் தானே தின்றாள். மற்றவை சுற்றி நின்று வேடிக்கை பார்த்தன. அவளுக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான்.

"சந்தேகமே இல்லை" என்றார் டாக்டர். "ஆனா சீக்கிரம். இரைப்பையிலே ஒவ்வொரு மணி நேரமும் தேய்ஞ்சுக்கிட்டே இருக்கும்."

மீரோ மாமா கோழியைத் தூக்கி அக்குளில் வைத்துக்கொண்டார்.

"என் கவர்னரம்மாவையா? தலைநகர் சான் ஹுவான்ல இருக்கிற நிஜ கவர்னரைக் கேளுங்க, இப்பவே தர்றேன். இவ முட்டை போடுறவ."

"மாமா, வேற கோழி வாங்கித் தர்றோம்..."

"தபால்காரனுக்கு வேற பொண்டாட்டி வாங்கித் தருவீங்களா?"

"விலை சொல்லுங்கப்பா!" என்றார் தபால்காரர் ஆவலாக. அவர் மனைவி பக்கத்தில்தான் நின்றாள். அந்த விவகாரம் தனி.

சித்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மீரோ மாமாவின் டோமினோ மேஜையில், அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அவள் தணிந்த குரலில் பேசி அன்றுதான் கேட்டேன்.

"மீரோண்ணே, கோழி மேலே தப்பில்லை. தப்பு என்னுது. அது கிடைக்கலேன்னா ஞாயித்துக்கிழமை நான் பிளேன்ல உக்காருவேன், அங்கே பட்டன் அமுக்குவேன். கிடைச்சா இந்த ஜன்னல்ல நிப்பேன். அவ்வளவுதான் விஷயம். எனக்குப் போக மனசில்லை."

இதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் அம்மாவிடம்கூட. நான் காலில் ஏதோ குத்தியதாகக் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

மீரோ மாமா கோழியின் தலையை வருடினார். "இத்தனை வருஷமா இவளுக்குக் கல்லு போட்டு வளர்த்ததே நீதானே" என்றார். "நீ போயிட்டா இவ எதை வெச்சு அரைப்பா?"  அவர் சொன்னதில் தர்க்கம் எங்கே என்று நான் இன்னும் தேடுகிறேன்; ஆனால் அங்கே நின்ற எல்லாருக்கும் அது புரிந்தது. மாமா இரண்டு விரலை நீட்டினார். "ரெண்டு நிபந்தனை. வலிக்கக் கூடாது. வீணாகவும் கூடாது. வாழைக்காயோட வினிகர் போட்டு ஊற வெச்ச இரைப்பை, உன் கையாலே. பள்ளிக்கூடம் மூடினதிலேருந்து நீ அதைச் செய்யவே இல்லை."

"செய்யறேன்."

அறுத்தது சித்திதான். வலித்திருக்காது; அவள் கை அப்படி. எரியாத அடுப்பு மேடையில், டாக்டரின் மிக நுண்ணிய சல்லடை மேல், இரைப்பையைக் கீறித் தண்ணீர் விட்டாள். ஜன்னலில் அத்தனை தலைகள், வெளிச்சமே மறைந்தது. "தள்ளுங்கடா!" என்று மணி அடித்தாள். தலைகள் தள்ளின.

சோளம் அலசிப் போனது. பச்சைப் பாட்டில் துண்டு. செங்கல் பொடி. ஒரு பித்தளைத் திருகாணி. பிறகு ஏதோ பளீரென்றது.

"பல்லு!" என்று கத்தினான் ஒரு மாணவன். "பல்லு, பல்லு!"

வெளியே ஒரே ஆரவாரம். டாக்டர் இடுக்கியால் எடுத்துப் பார்த்தார். தங்கப் பல். போன மாதம் தேங்காய் மிட்டாய் கடிக்கும்போது மீரோ மாமாவின் வாயிலிருந்து காணாமல் போன பல் மூடி. அவர் டோமினோ தோழர்கள் மூன்று பேரையும் திருடன் என்று சொல்லி, இன்றுவரை அவர்களோடு முகம் கொடுத்துப் பேசாமல் ஆடிக்கொண்டிருந்தார். மூன்று பேரும் ஜன்னலில்தான் இருந்தார்கள்.

"மன்னிப்பு கேளு!" என்றார்கள் கோரஸாக.

"அப்புறம் பார்க்கலாம். முதல்ல எலியைப் பாருங்க" என்றார் மீரோ மாமா, தங்கத்தை வாங்கிச் சட்டையில் துடைத்துக்கொண்டே.

சித்தி நிமிரவில்லை. இன்னும் கொஞ்சம் தண்ணீர். கறுப்புக் கற்களை ஒவ்வொன்றாக விரல் நுனியால் உருட்டினாள். அதே ஓட்டம்தான், ஆனால் இந்தத் தடவை கண்ணும் விரலோடு போனது. ஓரிடத்தில் விரல் நின்றது. கை சுண்டுவதற்கு மடங்கியதை நான் பார்த்தேன். அவள் இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா. இது சீப்பு மாதிரி இருக்கு."

டாக்டர் பூதக்கண்ணாடியை வைத்தார். போனில் இருந்த படத்தைப் பார்த்தார். மறுபடி கண்ணாடி.  கவர்னரம்மாவின் குடிகளான கோழிகள்கூடக் கொக்கரிக்கவில்லை. டாக்டர் தொப்பியைக் கழற்றி மேடையில் வைத்தார். தலை முழுக்க வியர்வை.

"கடைவாய்ப் பல்லு" என்றார். "வேவா, இதுதான் அது. மூணு கோடி வருஷம். வரியெல்லாம் அப்படியே இருக்கு."

ஒரு மூலை மட்டும் உடைந்திருந்தது. அதை உடைத்தது மூன்று கோடி வருஷமா, கவர்னரம்மாவா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

சித்தி தரையில் உட்கார்ந்து, ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது. சிரிப்புத்தான் என்று நான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

"அப்ப நடந்து வந்துச்சா, மிதந்து வந்துச்சா?" ஜன்னலிலிருந்து மீரோ மாமா.

"எப்படி வந்ததுன்னு பல்லு சொல்லாது மாமா. இவ்வளவு முன்னாடியே வந்துடுச்சு, வந்து இங்கேயே பெருகுச்சுன்னு மட்டும் சொல்லும்."

"அதுக்கு யாரு டிக்கெட் எடுத்துக் குடுத்தா?" என்றாள் சித்தி ஏப்ரனுக்குள்ளிருந்து. "அதுபாட்டுக்கு வந்துச்சு, புடிச்சிருந்துச்சு, இருந்துடுச்சு."

எங்கள் ஊரில் குத்துச்சண்டைக்காரன் ஜெயித்தாலும் அழகி கிரீடம் வாங்கினாலும் கார் ஊர்வலம்தான், அதைவிட்டால் எங்களுக்குக் கொண்டாடத் தெரியாது. சனிக்கிழமை எலிக்கு ஊர்வலம். ஒலிபெருக்கி கட்டிய லாரி முன்னால், அதன் பின்னால் ஹாரனை அமுக்கிக்கொண்டு ஊரில் இருந்த அத்தனை கார்கள், இரண்டு டிராக்டர், ஒரு குதிரை. சதுக்கத்தை மூன்று சுற்று. நடந்த கட்சியும் மிதந்த கட்சியும் தங்கள் கட்சிதான் ஜெயித்தது என்று கொடி பிடித்தன. திறந்த ஜீப்பில் சித்தி நின்றாள், கழுத்தில் நான் பெயின்ட் அடித்துக் கொடுத்த பட்டை: "பிரபஞ்ச எலி அழகி". படித்துப் பார்க்காமல் போட்டுக்கொண்டாள். மூன்றாவது சுற்றில் படித்தாள். கழற்றவில்லை, ராணி மாதிரி கையசைத்தாள்.

ஊர்வலம் முடிந்து சமையலறையில் விருந்து. வாழைக்காயும் இரைப்பையும் வெங்காயமும் வினிகரில் ஊறியது, பச்சைத் துவரை போட்ட சோறு. அடுப்பு எரிந்தது. மீரோ மாமா மூன்று தோழர்களிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, முதல் வாய் போட்டதும் கண்ணைத் துடைத்தார்.

"வினிகர் தெறிச்சிடுச்சு" என்றார்.

"கல்லு கிடக்கா பாருங்க" என்றாள் சித்தி.

"உன் சோத்திலேயா?"

நந்தோ மாமாவிடம் அவள் பேசியதைக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

"நந்தோ, அந்த ஹோட்டல்காரன்கிட்டச் சொல்லிடு. எனக்கு இங்கே வேலை இருக்கு... எலிடா. இல்லடா, புடிக்கிற வேலை இல்லை, பொறுக்குற வேலை... பூட்டினது இல்லை, திறந்துதான் இருக்கு. டிக்கெட்டை என்ன பண்றதா? நீ வாயேன். வாழைக்காய் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர் அகுவாதில்யா விமான நிலையத்திலிருந்து கிளம்பிய விமானம் அவள் இருக்கையைக் காலியாகச் சுமந்துகொண்டு எங்கள் தலைக்கு மேலே போனது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஸ்டூலில் ஏறி, வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு, சமையலறை ஜன்னலில் கொசுவலைக் கம்பி அடித்துக்கொண்டிருந்தாள். கீழே கோழிகள் அண்ணாந்து நின்றன. அதற்குள் ஒரு கறுப்புக் கோழி சிறகைப் பரப்பி மற்றவற்றைத் தள்ளப் பழகிக்கொண்டிருந்தது.

"வேவா!" வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மீரோ மாமா. "ஜன்னலை அடைச்சிட்டா என் கோழிங்க எதை வெச்சு அரைக்கும்?"

சித்தி ஆணியை வாயிலிருந்து எடுத்தாள்.

"உங்க தங்கப் பல்லைப் போடுங்க!"